ஈரற்குலையின் உள்ளே

அஞ்சத்தக்க செய்தி ஒன்றைக் கேட்டால் ‘ஈரக்குலை நடுங்கிவிட்டது’ என்கிறோம். நெஞ்சு நடுங்கிற்று என்பதைக் காட்டிலும் அதற்கு வலிமை அதிகம். ஈரலைக் குலை என்று சொன்ன நம் முன்னோர் அதை அறுத்து ஆராய்ந்துதான் அப்பெயரை வைத்தார்கள் என்று பெருமை பேச நாம் வரவில்லை. உடலினுள்ளே கொத்தாகத் தொங்கும் உறுப்புக்களைக் கண்டவர்கள் இயல்பாக வழங்கிய சொல் அது. ஆயினும் 1666-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் ஒருவர் கல்லீரலின் சிறு துணுக்கை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, அவருக்கும் திராட்சைக் குலையின் நினைவே வந்தது. அவர் அதற்குச் சூட்டிய இலத்தீன் பெயரும் கனியைக் குறிக்கும் பெயரே. அக்குலையினுள் மனிதர் படிப்படியாக எதைக் கண்டார்கள், எதைக் கண்டதாக நம்பி ஏமாந்தார்கள் என்பதே இந்த உரையின் பொருள். இது ஏட்டோடு நிற்கும் செய்தியன்று. கல்லீரலின் மிக நுண்ணிய கால்வாய்களைப் பற்றிய அறிவு, நம் நாட்டு அடுக்களைகளில் இருந்த ஒரு பெருங்கேட்டை விளக்க உதவியதையும் பின்னர்ச் சொல்வோம்.

பழங்காலத்தில் கல்லீரலுக்கு இருந்த மதிப்பை இன்று கற்பனை செய்வதும் கடினம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன் வகுத்த முறைப்படி, நாம் உண்ணும் உணவின் சாரம் குடலிலிருந்து ஒரு பெரிய சிரையின் வழியாகக் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கேதான் அது இரத்தமாகச் சமைக்கப்படுகிறது. உடலின் சிரைகளெல்லாம் கல்லீரலிலிருந்தே புறப்படுகின்றன. ஈரலுக்குள் அப்பெருஞ்சிரை நுழையும் இடத்துக்கு வாயில் என்று பெயர். அதனால்தான் இன்றும் அதை வாயிற்சிரை என்கிறார்கள். நம் நாட்டுச் சுசுருத சங்கிதையின் கருத்தும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் உறையும் ரஞ்சக பித்தம், உணவுச் சாரமாகிய ரசத்துக்குச் செந்நிறம் ஊட்டி இரத்தமாக்குகிறது என்று அந்நூல் கூறுகிறது. ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டு மருத்துவர்கள் ஒரே முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. அறுத்த ஈரலைப் பார்க்கும் எவருக்கும் அது உறைந்த இரத்தக் கட்டி போலவே தோன்றும்.

இந்தத் தோற்றம் ஒரு சொல்லையே பிறப்பித்தது. காலனுக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர் எரசிஸ்திராத்தஸ் என்ற கிரேக்கர். ஈரலின் சதை, இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து பக்கத்தில் ஊற்றப்பட்டு இறுகிய பொருள் என்று கருதி, ‘அருகில் ஊற்றியது’ என்ற பொருளில் ‘பாரங்கைமா’ என்று அவர் பெயரிட்டார். அக்கருத்து பிழை என்று தெரிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் மருத்துவ நூல்களில் இன்றும் அசையாமல் இருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய சொற்கள் பெருந்தொல்லை. சொல்லின் வேரை மொழிபெயர்த்தால் பழைய பிழை உயிர்பெற்றுவிடும். பொருளை மொழிபெயர்த்தால் சொல்லின் வரலாறு மறைந்துவிடும்.

கல்லீரலின் அரசுரிமை பதினேழாம் நூற்றாண்டில் முப்பதே ஆண்டுகளில் பறிபோயிற்று. 1622-இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, வயிறார உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்து, குடலைத் தாங்கும் சவ்வில் பால் போன்ற வெண்ணிற இழைகளைக் கண்டார். ஒன்றைக் கீறியதும் பாலைப்போன்ற நீர் வழிந்தது. உணவின் சாரம் செல்லும் வழி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவ்விழைகள் கல்லீரலுக்கே போகின்றன என்று அசெல்லி எழுதினார். காலனின் சொல் அவருடைய கண்ணை மறைத்தது போலும். 1651-இல் பிரெஞ்சுக்காரர் ழான் பெக்கே அந்த வெண்ணீர் கல்லீரலின் பக்கமே எட்டிப் பாராமல், மார்பினுள் ஒரு தனிக் குழாயின் வழியே மேலேறிக் கழுத்தருகே உள்ள சிரையில் கலப்பதைக் காட்டினார். கல்லீரல் இரத்தம் சமைக்கும் அடுக்களை அன்று என்றாயிற்று. கோப்பன்ஹேகன் நகர்ப் பேராசிரியர் தாமஸ் பார்த்தோலின் 1653-இல் இறந்துபோன கல்லீரலுக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். அரசராயிருந்த உறுப்புக்குப் பித்தநீர் வடிக்கும் பணி ஒன்றே மிஞ்சியது.

விந்தை என்னவென்றால், கல்லீரலை உண்மையாகவே ஆராயத் தொடங்கியது அதற்கு இறுதிச் சடங்கு நடந்த பிறகுதான். அடுத்த ஆண்டிலேயே, 1654-இல், ஆங்கில மருத்துவர் பிரான்சிஸ் கிளிசன் அவ்வுறுப்பைப் பற்றி மட்டுமே ஒரு நூல் வெளியிட்டார். ஈரலை வேகவைத்து, மிருதுவான சதையைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, குழாய்களின் கிளைகளை மட்டும் இலையுதிர்ந்த மரம்போல் நிறுத்திக் காட்டினார். வாயிற்சிரையில் நீரைச் செலுத்தினால் அது ஈரல் முழுவதையும் ஊடுருவி மறுபக்கத்துப் பெருஞ்சிரையில் வெளிவருவதையும் கண்டார். உள்ளே வரும் குழாயின் நுனிக்கும் வெளியே போகும் குழாயின் நுனிக்கும் இடையில் என்ன இருக்கிறது? வெறுங்கண்ணால் விடை காண இயலாத கேள்வி அது.

அதற்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. முதற்கண் சொன்ன இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பீகி. 1661-இல் தவளையின் நுரையீரலில் மயிரிழையினும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கண்டு, ஹார்வியின் இரத்த ஓட்டக் கொள்கையில் இருந்த இடைவெளியை நிரப்பிய பெருமை அவருடையது. 1666-இல் அவர் வெளியிட்ட நூலில் கல்லீரலுக்குத் தனிப் பகுதி உண்டு. மனித ஈரலை நேரே ஆராயாமல் நத்தை முதலிய எளிய பிராணிகளில் தொடங்கிப் படிப்படியாக மேலேறுவது அவர் முறை. ஈரல் முழுவதும் சிறுசிறு கூறுகளால் ஆனது, கூறு ஒவ்வொன்றும் திராட்சைக் கொத்துப் போன்றது என்று அவர் முடிவு செய்தார். பன்றியின் ஈரலில் இக்கூறுகளை ஸ்விட்சர்லாந்தின் வெப்ஃபர் 1664-இலேயே கவனித்திருந்தார். ஆனால் அவற்றைச் சுரக்கும் உறுப்பின் அலகுகளாகக் கண்டவர் மால்பீகிதான்.

அக்காலத்து அறிஞர் சிலர் பித்தநீரைப் பித்தப்பைதான் உண்டாக்குகிறது என்று நம்பினர். மால்பீகி ஒரு பூனைக்குட்டியின் பித்தப்பையை முடிச்சிட்டு அடைத்து, அதிலிருந்து ஒரு துளியும் வரவொட்டாமல் செய்தார். பிறகும் பித்தநீர் கல்லீரலிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். வாதத்தை ஒரு நூல் முடிச்சு தீர்த்துவிட்டது. யானைக்கும் குதிரைக்கும் எலிக்கும் பித்தப்பையே கிடையாது, அவற்றுக்குப் பித்தநீர் சுரக்கவில்லையா என்று நாம் இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். அன்று அப்படிக் கேட்க ஒருவர் தேவைப்பட்டார். மனிதக் கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பை கொள்வதோ சுமார் 50 மில்லிலிட்டர். சுரந்ததை வாங்கி, சுண்டச்செய்து, உணவு வரும்வரை காத்துவைக்கும் சேமக்கலம் அது.

மால்பீகிக்குப் பின் நூற்றைம்பது ஆண்டுகளில் வாதங்கள் பெருகிய அளவுக்கு அறிவு பெருகவில்லை. ஈரலை அறுத்தால் சில வேளை சிவப்பும் மஞ்சளும் கலந்து, ஜாதிக்காயைக் குறுக்கே வெட்டினாற்போல் தெரியும். எனவே ஈரலில் இருவகைச் சதை உண்டு என்று பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதினார்கள். இக்குழப்பத்தைத் தீர்த்தவர் இலண்டனில் வாழ்ந்த அயர்லாந்துக்காரர் பிரான்சிஸ் கீர்னன். 1833-இல் வெளிவந்த அவருடைய ஒரே பெருங்கட்டுரைக்காக 1836-இல் அரச கழகத்தின் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. குழாய் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வண்ணம் செலுத்தி அவர் கண்ட அமைப்பு இது: சிறுமடல் ஒன்றின் நடுவில், இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை நிற்கிறது. விளிம்பைச் சுற்றி வாயிற்சிரை, தமனி, பித்தக் குழாய் மூன்றும் சேர்ந்து கிளைக்கின்றன. இரத்தம் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடுகிறது. நடுச்சிரையில் இரத்தம் தேங்கினால் மடலின் மையம் சிவக்கும், ஓரம் மஞ்சளாயிருக்கும். ஆக, சதை ஒருவகையே. சிவப்பும் மஞ்சளும் தேக்கத்தின் அடையாளங்கள்.

கீர்னனின் விளக்கப்படம் பாடநூல்களில் இன்றும் அறுகோண வடிவில் காட்சியளிக்கிறது. மாணாக்கர் அதைப் பார்த்துவிட்டு மனித ஈரலின் துணுக்கை உருப்பெருக்கியில் வைத்தால் திகைப்பார்கள். அறுகோணம் எதுவும் அங்கே தெளிவாகத் தெரியாது. ஏனெனில் பன்றியின் ஈரலில் சிறுமடல் ஒவ்வொன்றையும் நார்த்திசுவின் வேலி ஒன்று சுற்றியிருக்கிறது. மனிதனுடைய ஈரலில் அவ்வேலி இல்லை. நம் ஈரலின் படம் என்று நாம் கற்றது பெரும்பாலும் பன்றியின் ஈரற் படமே. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள அம்மடலின் எல்லை எங்கே முடிகிறது என்பதில் அறிஞர்கள் பின்னும் உடன்படவில்லை. 1954-இல் டொராண்டோ நகரின் ராப்பபோர்ட், நடுச்சிரையை மையமாகக் கொள்ளாமல், இரத்தம் வந்து சேரும் கிளையை மையமாகக் கொண்டு எல்லைகளை வேறாக வரைந்தார். வயலை வரப்பைக்கொண்டு பிரிப்பதா, வாய்க்காலைக்கொண்டு பிரிப்பதா என்பது போன்ற வழக்கு இது. நோயை விளக்குவதற்கு வாய்க்கால் வழியே அதிகம் பயன்பட்டது என்பது நம் கருத்து.

இனி மடலுக்குள்ளே செல்வோம். 1830-களின் இறுதியில் செக் நாட்டு அறிஞர் பூர்கின்யேயும் ஜெர்மானியர் ஹென்லேயும் ஈரல் உயிரணுக்களைத் தனித்தனியே கண்டனர். அவை மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே உள்ள பல்கோண அணுக்கள். அவற்றைப் பாடநூல்கள் நெடுங்காலம் கயிறுகள்போல் வரைந்துவந்தன. 1949-இல் ஹான்ஸ் எலியாஸ் அவை கயிறுகள் அல்ல, ஓர் அணுக் கனமே உள்ள சுவர்கள் என்று காட்டினார். சுவரின் இரு பக்கமும் இரத்தம் ஓடும் இடைகழிகள் இருக்கின்றன.

அப்படியானால் பித்தநீருக்கு வழி எது? 1866-இல் எவால்ட் ஹெரிங் பித்தக் குழாயின் வழியே நீல வண்ணத்தைச் செலுத்தி அதைத் தேடினார். அடுத்தடுத்துள்ள இரண்டு ஈரல் அணுக்கள் ஒன்றையொன்று தொடும் முகத்தில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள நுண்கால் ஒன்று ஓடுகிறது. அந்தக் காலுக்குச் சொந்தமாகக் கரை இல்லை. இரண்டு அணுக்களின் முகங்களே அதன் இரு கரைகள். இருபதாம் நூற்றாண்டில் வந்த எலெக்ட்ரான் உருப்பெருக்கி, இம்முகங்கள் நுண்விரல்கள் போன்ற மடிப்புக்களைக் கால்வாய்க்குள் நீட்டியிருப்பதையும், இரத்தமும் பித்தமும் கலவாதபடி கரையின் இரு ஓரங்களும் இறுகப் பூட்டப்பட்டிருப்பதையும் காட்டியது. இரத்தம் விளிம்பிலிருந்து நடுவுக்குப் பாய, பித்தநீர் நடுவிலிருந்து விளிம்புக்கு எதிரேறி வருகிறது. நுண்கால்கள் முறையான பித்தக் குழாயை அடையும் சந்தியில் உள்ள சிறு வாய்க்காலுக்கு ஹெரிங்கின் பெயரே நிலைத்துவிட்டது. அப்பூட்டு நெகிழ்ந்தாலும், கால்வாய் அடைபட்டாலும், பித்தம் இரத்தத்தில் ஏறும். கண்ணில் மஞ்சள் படரும்.

பெயர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதால் இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். 1876-இல் கார்ல் குப்ஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் ஈரலின் நரம்புகளைத் தேடித் தங்க உப்புக் கரைசலில் துணுக்குக்களை ஊறவைத்தார். நரம்புகளுக்குப் பதிலாக, இரத்த இடைகழிகளின் புறத்தே நட்சத்திர வடிவில் கருத்து நிற்கும் அணுக்களைக் கண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, இரத்தத்தில் கலந்த நுண்துகள்களை விழுங்கும் அணுக்கள் இடைகழிச் சுவரில் இருப்பது தெரிந்தது. தாம் முன்பு கண்ட நட்சத்திர அணுக்களே இவை என்று குப்ஃபர் அறிவித்தார். உலகம் ஒப்புக்கொண்டது. விழுங்கும் அணுக்களுக்குக் குப்ஃபர் அணுக்கள் என்ற பெயர் உறுதியாயிற்று.

1951-இல் ஜப்பானியர் தோஷியோ இத்தோ இடைகழியின் புறத்தே கொழுப்பைச் சேமிக்கும் அணு ஒன்றைப் புதிதாக விவரித்தார். 1971-இல் அதே நாட்டினர் கென்ஜிரோ வாக்கே குப்ஃபரின் பழைய தங்க முறையை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார். தங்கத்தில் கருத்தவை விழுங்கும் அணுக்கள் அல்ல, இத்தோ கண்ட அணுக்கள். அவற்றில் சேர்ந்துள்ள ஏ உயிர்ச்சத்தே அந்நிறத்துக்குக் காரணம். ஆகவே குப்ஃபர் முதலில் கண்ட அணு ஒன்று, அவர் பெயரால் வழங்கும் அணு வேறொன்று. 1996-இல் ஆராய்ச்சியாளர்கள் கூடிப் பேசி, முதல் அணுவுக்கு ‘நட்சத்திர அணு’ என்ற பெயரையே திரும்ப அளித்தார்கள். இது சொற்சண்டை மட்டுமன்று. ஈரல் ஓயாமல் புண்படும்போது இந்நட்சத்திர அணுக்கள் தம் உயிர்ச்சத்துச் சேமிப்பை இழந்து நார் நெய்யத் தொடங்குகின்றன. ஈரல் இறுகிச் சுருங்கும் நோய்க்கு அந்நாரே மூலம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் தவறான பெயரின்கீழ் மறைந்திருந்தது அத்தகைய அணு.

இறுகும் ஈரல் என்றதும் நம் நாட்டுச் செய்திக்கு வந்துவிடுகிறோம். 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் ஓர் ஈரல் நோயை விவரித்தார். ஆறு மாதம் முதல் நான்கைந்து வயது வரை உள்ள குழந்தைகள். முதலில் எரிச்சல், பசியின்மை, சிறு காய்ச்சல். வயிறு பெருக்கும். தடவிப் பார்த்தால் ஈரல் கூரிய விளிம்புடன் கல்போல் தட்டுப்படும். பிறகு மஞ்சள், நீர்க்கோவை, மரணம். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் இவ்வாறு மாண்டதுண்டு. வங்காளத்திலிருந்து சென்னை வரை இந்நோய் இருந்தது. நாட்டுக்கு வெளியே அநேகமாகக் காணப்படாததால் ‘இந்தியக் குழந்தை ஈரல் இறுக்கம்’ என்றே உலக மருத்துவ நூல்களில் பெயர் பெற்றது. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம் குடும்பத்து முதியோரைக் கேட்டால் ஈரல் வீங்கி இறந்த குழந்தை ஒன்றின் பெயர் சில வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கும்.

காரணமாகச் சொல்லப்பட்டவை பல. தாயின் உணவு, கிருமி, பரம்பரை, வைத்தியன் கொடுத்த மருந்து எல்லாம் பழியேற்றன. உருப்பெருக்கியில் ஈரல் அணுக்கள் வீங்கிச் சிதைந்திருப்பதையும், அணு ஒவ்வொன்றையும் நார் சுற்றி வளைத்திருப்பதையும் நெடுங்காலமாகவே கண்டிருந்தார்கள். 1978-இல் இலண்டன் ஆராய்ச்சியாளர்கள் இந்த ஈரல்களின் துணுக்குக்களில் ஓர்சீன் என்ற சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது, அணுக்களுக்குள் கரும்பழுப்பு நிறத்தில் மணிமணியாகப் பொருள் சேர்ந்திருக்கக் கண்டனர். அது செம்பு. நல்ல ஈரலின் உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் குறைவாகவே செம்பு இருக்கும். இக்குழந்தைகளின் ஈரலிலோ அது 800-ஐத் தாண்டிப் பல வேளைகளில் ஆயிரக்கணக்கில் இருந்தது.

மிகுதியான செம்பு உடலை விட்டு வெளியேற முக்கிய வழி ஒன்றுதான்: ஹெரிங் கண்ட அந்த நுண்கால். ஈரல் அணு செம்பைப் பித்தநீரில் இறக்கி அனுப்புகிறது. பிறந்த குழந்தையின் ஈரலில் இயல்பாகவே செம்பு அதிகம். அதை வெளியேற்றும் வேலை முதல் மாதங்களில் இன்னும் முதிராமல் இருக்கிறது. அந்நேரத்தில் வெளியிலிருந்தும் செம்பு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? அப்படி வருவதற்கு வழி எது?

வழி அடுக்களையில் இருந்தது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாலின் புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சி அதிலேயே வைத்திருந்தால் செம்பு பாலில் இறங்குகிறது. புனே நகரக் குழந்தை மருத்துவர்களும் பிரிட்டிஷ் மருத்துவர் டானரும் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளையும் நலமுள்ள குழந்தைகளின் வீடுகளையும் ஒப்பிட்டு 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதையே சுட்டியது. நோயுற்றவர்களுக்கு மிக இளம் வயதிலேயே மாட்டுப் பாலோ எருமைப் பாலோ தொடங்கப்பட்டிருந்தது. அப்பால் பித்தளைப் பாத்திரத்தில் வைக்கப்பட்டதும் அவ்வீடுகளில்தான் அதிகம்.

தெருவில் துருத்தியும் நவச்சாரமும் கொண்டு வந்து பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சென்றவரை வடநாட்டில் கலாய்வாலா என்பார்கள். அவர் பூசிய வெள்ளீயத்தின் மெல்லிய படலம் பாலுக்கும் பித்தளைக்கும் இடையே நின்றது. பளபளப்புக்காகவும், புளி கைத்துப் போகாமல் இருப்பதற்காகவும் பூசுகிறோம் என்றே வீட்டார் எண்ணியிருந்தார்கள். படலம் தேய்ந்தபின் புதுப்பிக்கக் காசும் நேரமும் இல்லாத வீடுகளில், அல்லது பூசும் வழக்கமே இல்லாத வீடுகளில், குழந்தையின் பால் நேரே பித்தளையைத் தொட்டது. தாய்ப்பால் நெடுநாள் குடித்த குழந்தைக்கு இக்கேடு இல்லை. பித்தளை போய் எவர்சில்வரும் அலுமினியமும் அடுக்களையை நிரப்பின. இந்நோயும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் அரிதாகிவிட்டது. தொடக்கத்திலேயே கண்டறிந்து, செம்பைப் பிணைத்து வெளியேற்றும் பெனிசிலமைன் என்ற மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பலர் பிழைத்ததும் செம்பின்மீது வைத்த குற்றத்தை உறுதிசெய்தது.

‘இந்திய’ என்ற அடைமொழியும் முற்றிலும் பொருந்தவில்லை. 1996-இல் ஆஸ்திரியாவின் திரோல் மலைப்பகுதியிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. அங்கே 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற ஈரல் நோயால் இறந்திருந்தனர். அவ்வூர்களிலும் ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் அங்கும் இங்கும் அத்தகைய பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. திரோலில் நோய் சில குடும்பங்களையே சுற்றி வந்தது. செம்பைப் பித்தத்தில் இறக்கும் ஆற்றலில் பிறவியிலேயே ஏதோ ஒரு குறை இருந்த குழந்தைகளையே பாத்திரம் கொன்றது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். திரோலில் பாத்திரங்கள் மாறின. 1974-க்குப் பின் அங்கே அந்நோய் காணப்படவில்லை.